தலையணைக்கு அடியில்

அந்த வாளி நீல நிறம். பக்கவாட்டில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தோம். குழந்தைகள் வார்டில் மருந்து அலமாரிக்குக் கீழே அது கிடக்கும். ஊசிக்கு, பஞ்சுக்கு, ரத்தம் பட்ட துணிக்கு என்று ஒவ்வொரு நிறத்தில் தனித்தனித் தொட்டிகள் உண்டு. இந்த வாளி அந்த வரிசையில் சேராது. காலை ஏழரை மணிக்கு ஹெட் சிஸ்டர் உள்ளே வந்ததும் கைப்பையை மேசையில் வைப்பார், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார், பிறகு குனிந்து இந்த வாளியை எடுப்பார். கட்டில் கட்டிலாகப் போய்த் தலையணைகளைத் தூக்கிப் பார்ப்பார்.

தலையணைகளுக்கு அடியில் பாதி வீடு இருக்கும். கல் உப்பையும் மிளகாய் வற்றலையும் சேர்த்துக் கட்டிய துணி முடிச்சு, எலுமிச்சம்பழம், படிகாரக் கட்டி, துருப்பிடித்த மாட்டு லாடம், எண்ணி எடுத்த ஏழு விளக்குமாற்றுக் குச்சி, அடுப்புக் கரி, முச்சந்தி மண்ணை மடித்த காகிதம். கட்டில் காலில் பிய்ந்துபோன செருப்பு ஒன்று தொங்கும். கைக்குழந்தைகளின் மணிக்கட்டில் வசம்பு வளையல் கிடக்கும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று நாலா பக்கமிருந்தும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து வருகிறவர்கள் மாற்றுத் துணியை மறந்திருப்பார்கள், ரேஷன் கார்டை மறந்திருப்பார்கள். இந்த முடிச்சுகளை மட்டும் ஒருவரும் மறந்து நான் பார்த்ததில்லை. ஹெட் சிஸ்டர் எல்லாவற்றையும் வழித்து வாளியில் போடுவார். கோபப்படமாட்டார். "வைத்தியம் நாங்க பாக்குறோம்ல. இதெல்லாம் வச்சா பூச்சி வரும், பிள்ளைக்கு ஆகாது" என்று மட்டும் சொல்வார். அந்தக் குரலுக்கு எதிராக வார்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

அவரிடம் நியாயம் இருந்தது. வசம்பு மணியை விழுங்கி மூச்சு நின்றுபோன ஒரு கைக்குழந்தையை அவர் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டிப் பிழைக்க வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். படுக்கைப்புண் என்ற ஒன்று அவருடைய வார்டில் எந்தக் குழந்தைக்கும் வந்தது கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைத் திருப்பிப் படுக்க வைத்தோமா என்பதை நோட்டில் பார்க்கமாட்டார். குழந்தையின் முதுகில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், திருப்பவில்லை என்று தெரிந்து எங்களைக் கூப்பிடுவார். நான் ஒப்பந்தப் பணியில் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவரைப் போல ஆகவேண்டும் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

செக்கானூரணிக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து ஒரு பெண் தன் ஆறு வயது மகளைக் கொண்டுவந்தது அந்த வருடம்தான். மூளைக்காய்ச்சல். குழந்தைக்கு நினைவு இல்லை. கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி போடுவதற்காக முடியை மழித்திருந்தோம். மூக்கு வழியாகக் குழாய். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். வயல் வேலைக்குப் போகிறவள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. புருஷன் கேரளாவில் வேலைக்குப் போயிருந்தான், தகவல் சொல்லியும் இன்னும் வந்து சேரவில்லை. அவள் உப்பு முடிச்சு எதுவும் வைக்கவில்லை. அவளிடம் இருந்தது ஒரு சின்ன இருமல் மருந்து பாட்டில். அதில் முக்கால்வாசி தண்ணீர்.

அது ஆலங்கட்டித் தண்ணீர். எங்கள் பக்கத்து ஊர்களில் கோடை மழையோடு எப்போதாவது ஆலங்கட்டி விழும். விழுந்தால் பெண்கள் முந்தானையில் பொறுக்கி, பாட்டிலில் போட்டு உருகவிட்டு, அடுப்பங்கரை மாடத்தில் வைத்துவிடுவார்கள். தீப்பட்ட புண்ணுக்குத் தடவுவார்கள். காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளையின் நெற்றியில் வைப்பார்கள். வானத்திலிருந்து கட்டியாக இறங்கியது சூட்டையெல்லாம் இறக்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. வருடக் கணக்கில் கெடாது என்றும் சொல்வார்கள். அந்தப் பெண் தன் மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது விழுந்த ஆலங்கட்டி அது.

ஒரு நாள் காலை, மருத்துவர்கள் வந்துவிட்டுப் போன பிறகு, அவள் குழந்தையின் வாயைத் திறந்து அதில் ஒரு சொட்டு விட்டுவிட்டாள். குழந்தைக்குப் புரையேறியது. உதடு நீலமாகிவிட்டது. ஹெட் சிஸ்டர் ஓடிவந்து தலையைத் திருப்பி, சளி உறிஞ்சும் குழாயை விட்டு, ஆக்சிஜனைக் கூட்டினார். மூச்சு சீரான பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண்ணின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, நேராகக் கைகழுவும் தொட்டிக்குப் போய்க் கவிழ்த்தார்.

"ஒரு சொட்டுதான் சிஸ்டரு. மழைத் தண்ணிதான்" என்றாள் அவள்.

"நினைவில்லாத பிள்ளை வாயில எதையும் ஊத்தக்கூடாதும்மா. புரையேறி நுரையீரலுக்குப் போயிரும். நீயே கொன்னுருவ" என்றார் ஹெட் சிஸ்டர்.

இரண்டு நாள் கழித்து அந்தக் குழந்தை இறந்துபோனது. புரையேறியதால் அல்ல, காய்ச்சல் முன்பே மூளையைத் தின்றிருந்தது. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. உடலைக் கொண்டுபோக ஊரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வராந்தாவில் அவர்கள் நின்றுகொண்டிருக்கும்போது அந்தப் பெண் மட்டும் திரும்பி உள்ளே வந்து என்னிடம் கேட்டாள். "அந்தப் பாட்டிலு கெடந்தா குடுங்க தாயி."

காலியான பாட்டிலைத்தான் கேட்டாள். அது நீல வாளிக்குள் கிடந்தது. அந்த இரண்டு நாளும் யாரும் வாளியைக் கொட்டவில்லை. நான்கு எட்டு வைத்தால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். "குப்பைக்குப் போயிருச்சும்மா" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இதுவரை எனக்குத் தெரியாது. கையில் வேலை இருந்தது, பக்கத்துக் கட்டிலில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது, இதெல்லாம் காரணமில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மூன்று வருடம் கழித்து, ஒரு சித்திரை மாதக் காலையில், ஹெட் சிஸ்டரின் மகன் நண்பன் ஒருவனை மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். இன்ஜினியரிங் கடைசி வருடம். சுற்றுச்சாலையில் ஒரு லாரி இடித்துவிட்டது. செய்தி வந்தபோது ஹெட் சிஸ்டர் தலையணைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளியை என் கையில் கொடுத்தார். "பாத்துக்கம்மா, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்துதான் போனார். ஓடவில்லை.

அவருக்கு அவன் ஒரே பிள்ளை. கணவர், பையன் பத்தாவது படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். திருநகரில் ஒரு சின்ன வீடு, தாயும் மகனும் மட்டும். மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். ரத்தக் கட்டியை எடுத்தார்கள். அவன் கண் விழிக்கவில்லை.

முதல் பத்து நாள் அவர் தாயாக இல்லை, செவிலியாக இருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருப்பார். உள்ளே விடும் நேரத்தில் போய் அவனுடைய முதுகில் கை வைத்துப் பார்ப்பார், சிறுநீர்ப் பையின் அளவைப் பார்ப்பார், கண்மணியில் டார்ச் அடித்துப் பார்ப்பார். பதினோராவது நாள் மருத்துவர் அவரைத் தனியே கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரியாதது இல்ல சிஸ்டர். நாம காத்திருக்கணும்" என்றார். இதே சொற்களை இதே குரலில் எத்தனையோ பெற்றோரிடம் ஹெட் சிஸ்டரே சொல்லியிருக்கிறார். அந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அதுதான் அவரை உடைத்துவிட்டது. ஒன்றும் தெரியாதவர்களுக்குக் காத்திருப்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. அவருக்கு அதுவும் இல்லை.

அன்று மாலை நான் காபி வாங்கிக்கொண்டு போனேன். வராந்தா பெஞ்சில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பதினோராம் நம்பர் பெட்ல வலிப்பு வந்த பையன் இருந்தான்ல. அவன் அப்பா ஒரு லாடம் வச்சிருந்தாரு. அது தலைமாட்டுல இருந்துச்சா, கால்மாட்டுலயா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். நாலாம் நம்பர் பெட், உப்பு முடிச்சு, மிளகாய் ஒன்பது. ஏழாம் நம்பர், விளக்குமாற்றுக் குச்சி. ஜன்னலோரக் கட்டில், படிகாரம், அதைத் தலையைச் சுற்றி மூன்று தடவை இறக்கிய பிறகே வைக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளையின் அத்தை சொன்னது. பல வருடம் வாளியில் வழித்துப் போட்ட ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருந்தது. எறிந்தவர் அவர்தான், ஆனால் எதையும் பார்க்காமல் எறிந்ததில்லை. அந்தப் பிள்ளைகளில் பிழைத்தவர்கள் யார், போனவர்கள் யார் என்பதும் நினைவிருந்தது. பிழைத்தவர்களின் தலையணைக்கு அடியில் இருந்ததை மட்டும் ஒரு ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கியிருந்தார்.

"சிஸ்டர், நீங்களா இதெல்லாம்" என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். நீ வாங்கிட்டு வா" என்றார்.

வாங்கிக்கொண்டு வந்தேன். விளாங்குடியில் எங்கள் தெரு முனையில் மூன்று சாலைகள் சேர்கின்றன. விடியற்காலையில், பால்காரர்கூட வராத நேரத்தில், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அந்த இடத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினேன். உடம்பெல்லாம் கூசியது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு துகள்கூடச் சிந்திவிடக்கூடாது என்று காகிதத்தை இரண்டு முறை மடித்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்கள் வார்டைவிடக் கண்டிப்பு அதிகம். மறுநாள் காலை, பணிக்குப் புதிதாக வந்த ஒரு பெண், படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணைக்கு அடியில் உப்பு முடிச்சைப் பார்த்துவிட்டாள். ஹெட் சிஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு அவர் யார் என்று தெரியாது.

"யாரும்மா இதைக் கொண்டுவந்து வச்சது? பெரிய ஆபரேஷன் பண்ணின தலை இது. கொஞ்சமாச்சும் யோசிக்கவேணாமா?" என்றாள்.

"நான்தான் வச்சேன். எடுத்துரும்மா. நீ சொல்றது சரி" என்றார் ஹெட் சிஸ்டர்.

அவள் எடுத்துப் போட்டாள். அவர் அந்த முடிச்சு விழுந்த தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் என்னிடம் புதிதாக ஒரு முடிச்சு கட்டித் தரச் சொன்னார். இந்த முறை அதைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

நாட்கள் போயின. எதுவும் நடக்கவில்லை. சீட்டில் எழுதியது எல்லாம் தீர்ந்த பிறகு ஒரு காலை அவர் எங்கள் வார்டுக்கு வந்தார். நேராகப் பழைய பதிவேடுகள் இருக்கும் அலமாரிக்குப் போய், மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்து ஒரு முகவரியைப் பார்த்து எழுதிக்கொண்டார். நோயாளியின் முகவரியைச் சொந்தக் காரியத்துக்கு எடுக்கக்கூடாது. அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். "நாளைக்கு உனக்கு ஆஃப் தானே. என்கூட வா" என்றார். எங்கே என்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

வைகாசி வெயில். செக்கானூரணியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போனோம். வழியெல்லாம் தரிசு. கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆலங்கட்டி விழவேண்டும் என்றால் முதலில் மழை வரவேண்டும்; மழை வருவதற்கு ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. அந்த ஊரில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஓர் அறை வீடு. அவள் வாசலில் உட்கார்ந்து சோளத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"வாங்க சிஸ்டரு. வெயில்ல வந்திருக்கீக. உள்ள வந்து உக்காருங்க" என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

ஹெட் சிஸ்டர் தண்ணீரைக் குடிக்கவில்லை. சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, மகனுக்கு நடந்ததை ஒரு நோயாளியை அடுத்த ஷிப்ட்காரரிடம் ஒப்படைப்பதைப் போல வரிசையாகச் சொன்னார். என்றைக்கு அடிபட்டது, என்றைக்கு அறுவை சிகிச்சை, இன்றோடு எத்தனை நாள். சொல்லி முடித்த பிறகும் தான் வந்த காரியத்தைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் கேட்டுவிட்டார். "ஆலங்கட்டித் தண்ணி, வேற ஏதாச்சும் மிச்சம் இருக்காம்மா?"



"எங்கிட்ட அது ஒண்ணுதானே சிஸ்டரு இருந்துச்சு" என்றாள்.

அதில் குத்தல் இல்லை. வீட்டில் தீப்பெட்டி இல்லை என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் நாங்கள் எழுந்து வந்திருப்போம். ஹெட் சிஸ்டரின் தோள் ஒருமுறை குலுங்கி நின்றது. அந்தப் பெண் எழுந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டாள். "இருங்க. எங்கிட்டதான் இல்ல. ஊருக்குள்ள யாராச்சும் வச்சிருப்பாக. கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

உள்ளே உட்கார்ந்திருந்த எங்களுக்கு அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று கேட்டாள். "மதினி, ஆலங்கட்டித் தண்ணி கெடக்கா? இல்ல, எனக்கில்ல. பெரியாஸ்பத்திரி சிஸ்டரு வந்திருக்காக. அவுக பையனுக்கு ரொம்ப முடியல." சில வீடுகளில் இல்லை என்றார்கள். ஒரு வீட்டில் "எந்தச் சிஸ்டரு? உம்பிள்ளைக்கு ஊத்தவிடாம கொட்டுனாகளே, அவுகளா?" என்று ஒரு பெண் உரக்கவே கேட்டாள். அதற்கு இவள் என்ன பதில் சொன்னாள் என்பது காதில் விழவில்லை. ஹெட் சிஸ்டர் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்தைப் போல நீளமான நேரம் என் பணிக்காலத்தில் வேறு இல்லை.

அவள் திரும்பி வந்தபோது கையில் தேன் பாட்டில் ஒன்று இருந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். முகமெல்லாம் வேர்த்திருந்தது. பாட்டிலைக் கொடுக்கும்போது அவள் சொன்னது இதுதான். "வாயில ஊத்திராதீக சிஸ்டரு. புரையேறிரும்னு அன்னைக்குச் சொன்னீகள்ல. நெத்தியில மட்டும் வச்சுவிடுங்க."

ஹெட் சிஸ்டர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். மூடியைத் திருகிப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் நிமிர்த்தி வைத்தார். பஸ் வருகிற சத்தம் கேட்டது. அதை விட்டால் இரண்டு மணி நேரம் பஸ் இல்லை என்று அவளே எங்களை அவசரப்படுத்தி அனுப்பிவைத்தாள்.

அன்று மாலையே பஞ்சில் நனைத்து அவன் நெற்றியில் வைத்தார். மறுநாளும் வைத்தார். ஒன்பதாவது நாள் காலை அவன் கண்ணைத் திறந்தான். அவர் வராந்தாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "முழிச்சிட்டான். என்னையப் பாக்குறான்" என்றார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. நான் இடப்பக்கம் போனேன். அந்தக் கண் வரவில்லை. வலப்பக்கம் போனேன், அங்கேயும் வரவில்லை. மேலே சுழலும் மின்விசிறிக்கு அப்பால் எதையோ பார்ப்பதைப் போல நிலைத்திருந்தது. ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பவர்கள் சில வாரத்தில் கண்ணைத் திறப்பார்கள், அது விழிப்பு ஆகாது என்பதை என் முதல் வருடத்தில் எனக்குச் சொன்னவர் அவர்தான். ஒரு தகப்பனாரிடம் அதைப் பக்குவமாக எப்படிச் சொல்வது என்றும் சொல்லித் தந்திருந்தார். அவர் சொல்லித் தந்த சொற்களில் ஒன்றைக்கூட அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. மருத்துவர் வந்து சொன்னார். ஹெட் சிஸ்டர் கேட்டுக்கொண்டு, "ஆமா டாக்டர், தெரியும்" என்றார்.

நான்கு மாதம் கழித்து அவனைத் திருநகர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஹெட் சிஸ்டர் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டார். நான் விடுமுறை நாட்களில் போய்வருவேன். வீட்டுக்கு வந்த பிறகு அவருக்குத் தடுக்க ஆளில்லை. யார் எதைச் சொன்னாலும் செய்தார். மார்கழியில் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை விரித்துப் பனியில் நனையவிட்டு, விடிந்ததும் பிழிந்து அந்தத் தண்ணீரால் அவன் கண்ணைத் துடைத்தார். திருமங்கலம் பக்கம் இடி விழுந்த பனை ஒன்று நிற்கிறது என்று கேள்விப்பட்டுப் போய், கருகிய பட்டையைச் செதுக்கி வந்து கட்டிலுக்குக் கீழே வைத்தார். கிரகணத்தன்று பித்தளைத் தாம்பாளத்தில் நீர் நிரப்பி அதை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு, கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றார். ஒவ்வொன்றையும் மருந்து கொடுக்கும் ஒழுங்கோடு செய்தார். நேரம் தவறமாட்டார். அதற்கு நடுவில் குழாயில் கஞ்சி, இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைத்தல், கை கால்களை மடக்கி நீட்டுதல். ஒரு ஆள் செய்கிற வேலையே இல்லை அது. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரியும் அளவுக்கு இளைத்துப் போனார். அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடவே எனக்குப் பயமாக இருக்கும். அவர் சாப்பிட்டு நாளாகியிருக்குமோ என்று.

அடுத்த ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவர் மகனின் தலையைத் தன் மடியில் வைத்துப் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், நிமிரவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தலையணை உறைக்குள் வைத்திருந்த படிகாரக் கட்டி, பஞ்சு அமுங்க அமுங்க மேலே வந்து, அவன் பின்மண்டையில் அழுத்தியிருந்தது. உப்பு முடிச்சு மழை ஈரத்தில் கசிந்து அந்த இடம் ஊறியிருந்தது. முடிக்கு நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் போய், சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. படுக்கைப்புண்.

"என் கையில" என்றார் அவர். "என் கையில, என் பிள்ளைக்கு."

அவர் வாய்விட்டு அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். விபத்து நடந்த அன்றும் அழாதவர். நான் புண்ணைக் கழுவி மருந்து வைத்தேன். அவர் கையால் அன்று முடியவில்லை. பிறகு இரண்டு பேருமாக வீட்டைக் கூட்டினோம். பனம்பட்டை, லாடம், மண் பொட்டலங்கள், கயிறுகள், தேன் பாட்டில் எல்லாம் ஒரு சிமெண்டுச் சாக்கில் போய்ச் சேர்ந்தன. அவரே கட்டித் தெருமுனைத் தொட்டியில் வைத்துவிட்டு வந்தார். அந்தப் புண் ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆனது.

இது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. நான் நிரந்தரப் பணியாகி, இப்போது வேறொரு மருத்துவமனையில் இருக்கிறேன். அவருடைய மகன் அப்படியேதான் இருக்கிறான். தாடி வளர்கிறது, அவர் மழிக்கிறார். வெளிச்சத்துக்குக் கண் சுருங்கும், சத்தத்துக்கு உடம்பு சிலிர்க்கும், அவ்வளவுதான். தனக்குப் பிறகு இவனை யார் திருப்பிப் படுக்க வைப்பார்கள் என்ற கேள்வியை அவர் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு முறையும் அந்தப் படியேறுவேன்.

போன மாதம் போயிருந்தபோது, அவனுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டே, "அந்தச் செக்கானூரணிப் பொண்ணு வீட்டுக்குப் போனோம்ல. அவ பிள்ளை பேரு என்னனு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"எனக்கும் இல்ல. பெட் நம்பர் இருக்கு, என்னென்ன மருந்து போட்டோம்னு இருக்கு. ரிஜிஸ்டர்ல அட்ரஸ் எழுதுறப்ப பேரு பக்கத்துலயேதான் இருந்திருக்கும். அதைப் பாக்கல. அவ வீட்டுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. தண்ணி இருக்கானுதான் கேட்டேன்."

நகவெட்டியை மூடி வைத்தார். வெட்டிய நகங்களைத் தாளில் ஒன்று விடாமல் பொறுக்கினார். "ஒரு நாள் நீ இவன்கூட இருப்பியா?" என்றார்.

இருந்தேன். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் பஸ் ஏறினார். இத்தனை வருடத்தில் அவர் அவனை விட்டு அத்தனை தூரம் போனது அதுதான் முதல் தடவை. எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அட்டவணைப்படி கஞ்சி கொடுத்தேன், திருப்பினேன், துடைத்தேன். நான்கு மணிக்கே முதுகு வலித்தது. ஒரு நாளுக்கே இப்படி. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும்போது, அவர் ஏன் உப்பையும் மண்ணையும் பிடித்துக்கொண்டார் என்பது முதல்முறையாக எனக்கு விளங்கியது. அந்த அறையில் கைக்கு ஏதாவது ஒரு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்க மனிதரால் முடியாது.

சாயங்காலம் ஐந்தரைக்கு வந்துவிட்டார். வாசலில் கை கால் கழுவினார். உள்ளே வந்து முதலில் அவன் முதுகுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார். சூடு இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அங்கேயேதான் இருக்கா. இப்ப ஒரு பையன், ரெண்டாப்பு படிக்கிறான். உன்னைய விசாரிச்சா" என்றார். தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டே, "போட்டோ காட்டுனா. பள்ளிக்கூடத்துல எடுத்தது. ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டியிருக்கு. நம்ம பாத்தப்ப மொட்டையால்ல இருந்துச்சு. அம்புட்டு முடி இருந்திருக்கு அந்தப் பிள்ளைக்கு" என்றார்.

மகனை இடப்பக்கமாகத் திருப்பினோம். அவர் தோளைப் பிடித்தார், நான் இடுப்பைப் பிடித்தேன். முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு நிமிர்ந்த பிறகு, அவர் அந்தக் குழந்தையின் பெயரைச் சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். நானும் சொல்லிப் பார்த்தேன்.